அணுசக்தியா, சூரியசக்தியா? ஃபுக்குஷிமா கிளப்பிய கேள்வி உட்லண்ட்ஸ் கரைக்கு வந்தால்...

உட்லண்ட்ஸ் கரைக்கு அப்பால், ஜொகூர் நீரிணையில், 13,312 சூரியசக்தித் தகடுகள் மிதக்கின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் கட்டி முடிக்கப்பட்டது அந்தப் பண்ணை. பரப்பளவு 5 ஹெக்டர். ஏறக்குறைய 7 காற்பந்துத் திடல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் மிதக்கும் சூரியப் பண்ணைகளில் உலகின் ஆகப் பெரியவற்றில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது.

அதிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? சுமார் 6 மில்லியன் கிலோவாட்-மணி. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் வருகிற அதே கிலோவாட்-மணிதான். நான்கறை வீடு ஒன்று மாதத்துக்கு 400 வரை பயன்படுத்துகிறது என்றால், 1,250 வீடுகளுக்கு அது போதும்.

நல்ல விஷயம்தான். ஆனால் உட்லண்ட்ஸில் மட்டும் 60,000க்கும் அதிகமான வீவக வீடுகள் இருக்கின்றன. மற்ற வீடுகளுக்கு?

சிங்கப்பூரில் அணுசக்தியைப் பற்றிய பேச்சு மறுபடி மறுபடி எழுவதற்கு இந்தக் கேள்விதான் காரணம். 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அணுசக்தியைப் பயன்படுத்தும் சாத்தியத்தை ஆராயப்போவதாகச் சொன்னார். எதிர்கால எரிசக்தி நிதிக்கு மேலும் 5 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. முடிவு எதுவும் எடுக்கவில்லை என்பதையும் அரசாங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அணுசக்தி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஃபுக்குஷிமா. உடனே, "சூரியசக்தி இருக்கே, எதுக்கு இந்த ஆபத்து?" என்று ஒருவர் கேட்பார். "சூரியசக்தி போதாது" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பாதி சரி. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

ஃபுக்குஷிமாவில் என்னதான் நடந்தது?

2011 மார்ச் 11. பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம். ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த 3 உலைகளும் உடனே தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் திட்டப்படி.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். அணு உலையை நிறுத்துவது அடுப்பை அணைப்பது போல அல்ல. அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருளுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதைப் பல நாள் குளிர்விக்க வேண்டும். குளிர்விக்கப் பம்புகள் ஓட வேண்டும். பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கே மின்சாரம் இல்லாமல் போனதுதான் அன்று நடந்த விபரீதம்.

நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை வந்தது. நிலையத்தின் தடுப்பு 6 மீட்டருக்கும் குறைவான அலையைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது. வந்த அலை 14, 15 மீட்டர். தாழ்வான இடத்தில் வைத்திருந்த மின்னாக்கிகள் மூழ்கின. 3 உலைகளிலும் எரிபொருள் உருகியது. ஹைட்ரஜன் வாயு சேர்ந்து கட்டடங்கள் வெடித்தன. 20 கிலோமீட்டர் வட்டாரத்தில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மொத்தத்தில் 150,000க்கும் அதிகமானோர் வீட்டைவிட்டுச் சென்றனர்.

நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் 18,000க்கும் அதிகமானோரைப் பலிவாங்கின. அந்த எண்ணிக்கையைச் சிலர் அணு விபத்தோடு சேர்த்துப் பகிர்வதை நீங்கள் சமூக ஊடகங்களில் பார்த்திருக்கலாம். அது தவறு. கதிர்வீச்சால் மரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் இழப்பீட்டுக்காக ஏற்றுக்கொண்டது, நிலையத்தில் வேலைசெய்து நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒரே ஓர் ஊழியருடைய மரணத்தை. அந்த அறிவிப்பு 2018இல் வந்தது. வட்டார மக்களிடம் கதிர்வீச்சால் நேரடியாக ஏற்பட்ட உடல்நலப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கதிர்வீச்சு அறிவியல் குழு சொல்கிறது.

"அப்படின்னா பயந்தது வீணா?" இல்லை. ஃபுக்குஷிமா மாநிலத்தில் 2,000க்கும் அதிகமானோர் வெளியேற்றத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்ததாக அதிகாரபூர்வமாகவே பதிவாகியுள்ளது. பெரும்பாலோர் முதியவர்கள். மருத்துவமனையிலிருந்து அவசரமாகப் பேருந்தில் ஏற்றப்பட்டவர்கள், மருந்து இடையில் நின்றுபோனவர்கள், தற்காலிக வீட்டில் தனிமையில் நலிந்துபோனவர்கள். கதிர்வீச்சு உடலைத் தொடவில்லை. விபத்து அவர்களைத் தொட்டது. "யாருமே சாகல" என்று சொல்லும் அணுசக்தி ஆதரவாளர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த தனி விசாரணைக் குழு 2012 ஜூலையில் தந்த அறிக்கை இன்னும் கடுமையானது. இது இயற்கைப் பேரிடர் அல்ல, மனிதர் ஏற்படுத்திய பேரிடர் என்றது. நிலையத்தை நடத்திய நிறுவனமும் அதைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பும் ஒன்றோடொன்று நெருக்கமாக இருந்ததைச் சுட்டியது. கண்காணிக்க வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டால் எந்தத் தொழில்நுட்பமும் பாதுகாப்பானது அல்ல.

20 கிலோமீட்டர் என்றால் நமக்கு எவ்வளவு?

தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 20 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். தெற்கே வட்டம் கிட்டத்தட்ட மரினா பே வரை வரும். வடக்கே ஜொகூர் பாரு முழுதும் அதற்குள் அடங்கும்.

ஜப்பானில் அந்த மக்களை வேறு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். நாம் எங்கே போவது? சாங்கிக்கா?

2010இல் சிங்கப்பூர் அணுசக்தி பற்றிய முன்னோடி ஆய்வைத் தொடங்கியது. ஃபுக்குஷிமா விபத்துக்கு மறு ஆண்டு, 2012 அக்டோபரில் முடிவு வந்தது: அப்போதிருந்த அணு உலைத் தொழில்நுட்பம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது. சிறிய நாடு, நெருக்கமான மக்கள்தொகை என்பவை முக்கியக் காரணங்கள். ஆனால் கதவை முழுதாகச் சாத்தவில்லை. 2013இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுசக்தி ஆராய்ச்சி, பாதுகாப்புக்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 2025இல் அது தனிக் கழகமாக வளர்ந்தது.

அந்தக் கழகம் நமக்கு வேறொரு காரணத்துக்காகவும் தேவை. நாம் கட்டாவிட்டாலும் பக்கத்தில் யாராவது கட்டலாம். வியட்நாம் கைவிட்டிருந்த அணுமின் திட்டத்தை 2024 நவம்பரில் மீண்டும் கையில் எடுத்தது. இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் திட்டம் வைத்துள்ளன. காற்றுக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. ஒரு விபத்து நடந்தால் என்ன வரும், எவ்வளவு வரும், சாப்பாட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லக்கூடிய ஆட்கள் இங்கே இருக்க வேண்டும். ஃபுக்குஷிமாவுக்குப் பிறகு ஜப்பானிய உணவுப் பொருள்களுக்குச் சிங்கப்பூர் விதித்த கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்க 10 ஆண்டு ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, சூரியசக்தியாலேயே சமாளிக்கலாமே?

இங்கேதான் உட்லண்ட்ஸ் பண்ணை உதவுகிறது. அதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். ஒரு 'உட்லண்ட்ஸ்' என்றால் 5 ஹெக்டர் பரப்பு, ஆண்டுக்கு 6 மில்லியன் கிலோவாட்-மணி.

சிங்கப்பூர் ஆண்டுக்குப் பயன்படுத்துவது 55 பில்லியன் கிலோவாட்-மணிக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். 9,000க்கும் அதிகமான 'உட்லண்ட்ஸ்' வேண்டும். பரப்பளவில் 450 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பளவே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். அதாவது நாட்டில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் தகடு போட்டு மூட வேண்டும். வீடு, சாலை, பள்ளி, விமான நிலையம், மெக்ரிட்சி காடு எல்லாம் போக மீதி எவ்வளவு?

இது கரடுமுரடான கணக்குதான். புதிய தகடுகள் இன்னும் கொஞ்சம் அதிகம் தரும். கூரை, கட்டடச் சுவர், நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் திறக்கப்பட்ட பண்ணையில் 122,000 தகடுகள் மிதக்கின்றன. உட்லண்ட்ஸ் பண்ணையைப் போல 12 மடங்கு ஆற்றல். வீவக புளோக்குகளின் கூரைகளில் 2008 முதல் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இருந்தும், 2021இல் அறிவிக்கப்பட்ட பசுமைத் திட்டத்தின் இலக்கான 2 கிகாவாட், 2030இல் நமக்குத் தேவைப்படும் மின்சாரத்தில் சுமார் 3 விழுக்காட்டைத்தான் தரும் என்று கணிக்கப்பட்டது. முடிந்த இடத்தில் எல்லாம் போட்டாலும், நீண்டகாலத்தில் 10 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும் என்கிறார்கள் அதிகாரிகள்.

இன்னொரு சிக்கல், நம் வானம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோமே, வெயிலுக்கு என்ன குறை என்று தோன்றும். வெயில் இருக்கிறது, மேகமும் இருக்கிறது. மதியம் 2 மணிக்குச் சுட்டெரிக்கும், 2.20க்குக் குடை தேடுவோம். உட்லண்ட்ஸ் பண்ணை முழு ஆற்றலில் ஆண்டு முழுதும் ஓடினால் தரக்கூடியதில் ஏழில் ஒரு பங்குதான் உண்மையில் கிடைக்கிறது. மீதி, இரவுக்கும் மேகத்துக்கும் போய்விடுகிறது. அதைச் சமாளிக்கத்தான் ஜூரோங் தீவில் பெரிய மின்கல அமைப்பு வைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 285,000 கிலோவாட்-மணி சேமிக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். நாட்டின் உச்ச நேரத் தேவைக்கு முன்னால் அது சில நிமிடம்தான். மேகம் மறைக்கும் நேரத்தில் தடுமாறாமல் பார்த்துக்கொள்ள அது போதும். இரவைக் கடக்கப் போதாது.

அதே கணக்கைத் தமிழ்நாட்டில் போட்டால்?

உங்களில் பலருக்குத் தாத்தா பாட்டி ஊர் தமிழ்நாட்டில் இருக்கும். சிங்கப்பூரில் நாம் இப்போதுதான் தொடங்கும் விவாதம் அங்கே 10 ஆண்டுக்கும் முன்பே நடந்துவிட்டது. அதுவும் ஃபுக்குஷிமா காரணமாகத்தான்.

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் கூடங்குளம். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பலன். ரஷ்யத் தொழில்நுட்பத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. 2011இல் முதல் உலை கிட்டத்தட்டத் தயார். அப்போதுதான் ஃபுக்குஷிமா காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு அது எங்கோ நடந்த கதை இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. அன்று சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு அறைக்குள் கடல்நீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் நிலைய ஊழியர்களின் குடியிருப்பு பலமாகப் பாதிக்கப்பட்டது. 'அலை வராது' என்று அந்த மக்களிடம் யாரும் சொல்ல முடியாது.

2011 செப்டம்பரில் இடிந்தகரையில் நூற்றுக்கும் அதிகமானோர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சுப. உதயகுமார் தலைமையில் போராட்டக் குழு. மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் போட்டது. அதே அரசு 2012 மார்ச் 19ஆம் தேதி பச்சைக்கொடி காட்டியது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள்! அந்த ஆண்டு தமிழ்நாட்டில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. உங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 'கரண்ட் எப்ப வரும்' என்று தவிக்கும் நகரத்துக்காரருக்கும் 'கடல் என்ன ஆகும்' என்று கேட்கும் மீனவருக்கும் இடையில் அரசாங்கம் யார் பக்கம் சாய்ந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை.

2012 செப்டம்பர் 10ஆம் தேதி, நிலையத்தை நோக்கித் திரண்டவர்கள்மீது தடியடி, கண்ணீர்ப்புகை. அன்றே மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள், தேசத்துரோகக் குற்றச்சாட்டு உட்பட. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி தந்தது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு. அந்த அக்டோபரில் மின்சாரம் கட்டமைப்பில் சேர்ந்தது.

அதே தெற்கில், இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. 25 லட்சம் தகடுகள். ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர். ஒரே இடத்தில் அமைந்த சூரியப் பூங்காக்களில் அப்போது உலகிலேயே பெரியது என்றார்கள். கட்டி முடிக்க 8 மாதம்தான் எடுத்தது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டதிலிருந்து மின்சாரம் வரும்வரை 25 ஆண்டு!

கணக்கு இப்படி: கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் நன்றாக ஓடினால் ஆண்டுக்குத் தருவது சுமார் 14 பில்லியன் கிலோவாட்-மணி. அதைச் சூரியசக்தியில் பெற 12, 13 கமுதி வேண்டும். அதாவது 130 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பளவு 130,000 சதுர கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு!

சிங்கப்பூரில் ஐந்தில் மூன்று பங்கு என்று வந்த இடத்தில், இங்கே ஆயிரத்தில் ஒன்று. அதே சூரியன். 'அணுவா சூரியனா' என்ற கேள்விக்கு உலகம் முழுதுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15ஆம் தேதி கடைசி அணு உலைகளை மூடியது, நாமும் அப்படிச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், ஜெர்மனியின் வரைபடத்தையும் சிங்கப்பூரின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். (தமிழ்நாட்டிலும் இரவுப் பிரச்சினை தீரவில்லை. நிலம் இருந்தால் பாதிக் கதைதான் முடிகிறது.)

விவாதத்தில் யாரும் பேசாத மூன்றாவது ஆள்

இயற்கை எரிவாயு. நாம் தினமும் பயன்படுத்தும் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு அதிலிருந்து வருகிறது. கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி. நாம் 'அணுவா சூரியனா' என்று வாதாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் எரிவது எரிவாயுதான்.

ஃபுக்குஷிமாவுக்குப் பிறகு ஜப்பானிலும் அதுதான் நடந்தது. உலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். சூரியசக்திக்கு 2012 ஜூலையில் நல்ல விலை அறிவித்தார்கள், தகடுகள் வேகமாகப் பெருகின. ஆனாலும் நின்றுபோன உலைகளின் இடத்தை முதலில் நிரப்பியது இறக்குமதி எரிவாயுவும் நிலக்கரியும். 2015 ஆகஸ்ட்டில் செண்டாய் நிலையம் மூலம் ஜப்பான் அணுசக்திக்குத் திரும்பத் தொடங்கியது.

பாதுகாப்பு பற்றிப் பேசுவதாக இருந்தால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஒரு பில்லியன் கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று விபத்துகளையும் காற்றுத் தூய்மைக்கேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது 'அவர் வோர்ல்ட் இன் டேட்டா'. நிலக்கரி சுமார் 25. எரிவாயு கிட்டத்தட்ட 3. அணுசக்தியும் சூரியசக்தியும் 0.03, 0.02.  சரியான அலகு டெராவாட்-மணி, அதாவது ஒரு பில்லியன் கிலோவாட்-மணியேதான். செர்னோபிலும் ஃபுக்குஷிமாவும் அதில் அடக்கம். நாம் சண்டை மூட்டிவிடும் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

பணப்பையையும் தொட்டுப் பாருங்கள். 2021 கடைசியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது. இந்தோனேசியாவிலிருந்து குழாய்வழி வரும் எரிவாயுவிலும் தடங்கல். ஐஸ்விட்ச் உட்படப் பல மின்விற்பனை நிறுவனங்கள் சந்தையைவிட்டு விலகின. உங்கள் வீட்டிலும் அப்போது மின்சார நிறுவனத்தை மாற்ற வேண்டி வந்திருக்கலாம்.

"வெளியிலிருந்து சூரிய மின்சாரம் வாங்கலாமே?" வாங்கப் பார்க்கிறோம். 2035க்குள் 6 கிகாவாட் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு. ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலிருந்து 4,300 கிலோமீட்டர் கம்பிவடம் போடும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நிபந்தனையுடன் கூடிய அனுமதி கிடைத்தது. சிங்கப்பூருக்குப் பெரிய அளவு சூரியசக்தி என்றால் அது பிறருடைய நிலத்தில்தான். அதில் தொழில்நுட்பத்தைவிட நட்பு முக்கியம். மலேசியா 2021இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைச் சிங்கப்பூருக்கு விற்பதை நிறுத்தி, 2023 மே மாதம்தான் அந்தத் தடையை நீக்கியது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுக்கும் ஒரு முடிவு இந்தப் பக்கம் விளக்கைத் தொடும்.

சிறிய அணு உலை என்கிறார்களே, அது என்ன?

2012இல் பொருந்தாது என்று சொன்னது 2025இல் ஏன் மறுபடி மேசைக்கு வந்தது என்றால், காரணம் இதுதான். தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து பொருத்தக்கூடிய சிறிய உலைகள். பல வடிவமைப்புகளில், மின்சாரம் போனாலும் பம்பு இல்லாமலேயே குளிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஃபுக்குஷிமாவில் எது கைவிட்டதோ அதையே தேவையில்லாமல் செய்யும் முயற்சி என்று சொல்லலாம்.

நமது அளவுகோலை எடுப்போம். அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனத்தின் ஒரு சிறிய உலை 77 மெகாவாட். நன்றாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லியன் கிலோவாட்-மணி. அதாவது 100 'உட்லண்ட்ஸ்'. உட்லண்ட்ஸ் நகர வீடுகள் எல்லாவற்றுக்கும் போதும், அக்கம்பக்கத்துக்கும் மிஞ்சும். இரவு, பகல், மழை எதுவும் தடையில்லை. அவசரகாலத் திட்ட வட்டாரத்தையும் 20 கிலோமீட்டருக்குப் பதிலாக நிலைய வேலிக்குள் அடக்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். அதைக் கணக்கிடும் முறையை அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு 2022இல் ஏற்றுக்கொண்டது. அந்த வாதம் நிற்குமானால், நாம் கடற்பாலத்தைச் சுற்றிப் போட்ட வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கும்.

நிற்குமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். காகிதத்தில் பாதுகாப்பாக இருப்பது வேறு, பல ஆண்டு ஓடிக் காட்டியது வேறு. ரஷ்யாவில் கப்பலில் மிதக்கும் உலைகள் 2019 டிசம்பர் முதல் மின்சாரம் தருகின்றன. சீனாவின் ஹைனான் தீவில் 125 மெகாவாட் உலை கட்டியிருக்கிறார்கள். பட்டியல் சின்னது. அதே நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், செலவு ஏறிக்கொண்டே போனதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. சூரியத் தகட்டின் விலையோ 2010க்குப் பிந்திய பத்தாண்டில் சுமார் 90 விழுக்காடு இறங்கியது. ஒன்று மலிந்துகொண்டே வருகிறது. மற்றது மலியும் என்று வாக்குத் தருகிறது.

கழிவும் இருக்கிறது. பயன்படுத்திய எரிபொருளை ஆயிரக்கணக்கான ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும். ஃபின்லாந்து அதற்காக 400 மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறது. நமக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. எரிபொருள் விற்கும் நாடே திருப்பி எடுத்துக்கொள்ளுமா என்பது பேரம் பேசி எழுத வேண்டிய விஷயம். சூரியத் தகடும் 25, 30 ஆண்டில் குப்பைதான். ஆனால் அந்தக் குப்பைக்குக் காவல் வேண்டியதில்லை. மின்கழிவு மறுபயனீட்டுத் திட்டத்தில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

யாரை, எப்போது கேட்பார்கள்?

சிங்கப்பூரின் எரிசக்தி 2050 குழு 2022இல் தந்த அறிக்கையில், 2050இல் தேவையில் சுமார் 10 விழுக்காடு அணுசக்தியிலிருந்து வரக்கூடிய ஒரு சூழலையும் சேர்த்திருந்தது. அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2024 ஜூலையில் கையெழுத்தானது. அது உலை வாங்கும் ஒப்பந்தம் அல்ல. கற்றுக்கொள்ளவும் தகவல் பெறவும் வழி செய்வது.

அணு உலை ஒன்றை ஆராய்ந்து, கட்டி, ஓட்ட 10, 15 ஆண்டு ஆகும். இப்போது நீங்கள் தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இருந்தால், விளக்கு எரியும்போது உங்களுக்கு 35 வயது இருக்கலாம். மின்கட்டணம் உங்கள் பெயரில் வரும். அதனால்தான் இந்தப் பேச்சை நிபுணர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இடிந்தகரையில் நடந்ததை வெறும் பயமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. உலையைக் கட்டி முடித்த பிறகு மக்களிடம் 'பாதுகாப்பானது, நம்புங்கள்' என்றார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பு முடிந்துபோன பிறகு கேட்கப்படும் கருத்துக்கு என்ன மதிப்பு? ஃபுக்குஷிமா விசாரணைக் குழு சொன்னதும் அதன் மறுபக்கம்தான்: கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

எனவே, அடுத்த முறை ஓர் அமைச்சர் அணுசக்தியைப் பற்றிப் பேசினால் 'உலை வருமா, வராதா' என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடம் என்று முடிவெடுப்பதற்கு முன் கேட்பார்களா, பின் கேட்பார்களா? கண்காணிக்கும் அமைப்பு, கட்டும் நிறுவனத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கும்? கழிவு எந்த நாட்டுக்குப் போகும், எழுத்தில் இருக்கிறதா? அவசர நேரத்தில் தாதிமை இல்லத்தில் இருக்கும் பாட்டியை யார், எங்கே கொண்டுபோவார்கள்? சூரியசக்தி இறக்குமதி பற்றிப் பேசினாலும் கேளுங்கள்: கம்பிவடம் அறுந்தால், அல்லது அண்டை நாடு மனம் மாறினால், அன்று இரவு எதை எரிப்போம்?

இப்போதைக்கு அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எரிவாயுதான். உட்லண்ட்ஸ் பண்ணை பகலில் தன் பங்கைத் தருகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த 1,250 வீடுகளும் மற்ற எல்லா வீடுகளையும் போல எரிவாயுவுக்குத் திரும்புகின்றன.